ஆப்பில் பச்சை, நேரில் இருட்டு

வணக்கம். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன், பாருங்கள். இது மின்சாரக் கார்களுக்கான பொது சார்ஜர், இதன் திரை இருட்டாக இருக்கிறது. கன்னை, அதாவது காரில் செருகும் கேபிள் முனையை, திரும்ப மாட்டாமல் யாரோ தரையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், முனைக்குள் மண் ஏறியிருக்கிறது. ஆனால் ஆப்பைத் திறந்தால் இதே சார்ஜருக்குப் பச்சைப் புள்ளி, "காலியாக உள்ளது" என்கிறது. என் காரின் பேட்டரியில் மிச்சம் 14 சதவீதம்.

நகரத்தில் இத்தனை சார்ஜர்கள் வந்துவிட்டன என்று யாராவது கணக்குச் சொன்னால், நான் போய் நிற்கிற நேரத்தில் அதில் எத்தனை கன் வேலை செய்யும் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. 2022-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஆய்வாளர்கள் பொது வேக சார்ஜர்களை நேரில் போய்ச் சோதித்தார்கள். மொத்தம் 657. ஒழுங்காக வேலை செய்தவை 72.5 சதவீதம். சிலவற்றில் கேபிள் காரின் போர்ட் வரைக்கும்கூட எட்டவில்லை.

ஆப்பில் ஏன் பச்சை காட்டுகிறது? சார்ஜர் தன் நிலையைத் தானே சர்வருக்கு அனுப்புகிறது. முனைக்குள் மண் இருப்பதோ, முன்னால் பெட்ரோல் கார் நிற்பதோ அதற்குத் தெரியாது. நெட்வொர்க் போய்விட்டால், கடைசியாக அனுப்பிய நிலையே ஆப்பில் தங்கிவிடலாம். அதனால் புள்ளியின் நிறத்தை நான் பெரிதாக நம்புவதில்லை. கடைசியாக அங்கே யார், எப்போது சார்ஜ் செய்தார்கள் என்பதைப் பார்க்கிறேன். இன்று காலையில் ஒருவர் ஏற்றியிருந்தால் தைரியமாகப் போகலாம்.

சரி, பக்கத்தில் இன்னொரு சார்ஜர் இருக்கிறது. இதில் திரை எரிகிறது, ஆனால் "எமர்ஜென்சி" என்று காட்டுகிறது. இதோ, இந்தச் சிவப்புப் பொத்தானை யாரோ அமுக்கியிருக்கிறார்கள். உடனே கை வைக்காதீர்கள். புகை, கருகிய வாடை, கிழிந்த கேபிள், தேங்கிய தண்ணீர் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் பார்த்துவிட்டு உதவி எண்ணுக்கும் பேசிவிட்டேன், திருகி விடச் சொன்னார்கள். வலப்பக்கம் திருகுகிறேன்... பொத்தான் வெளியே வந்துவிட்டது. திரை மறுபடி தொடங்குகிறது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு எத்தனை பேர் வந்து திரும்பிப் போனார்களோ!

கன்னை அழுத்திச் செருகினால் "டக்" என்று பூட்டு விழும். அப்புறம் காரும் சார்ஜரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும், மின்கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும். அதுவரைக்கும் எனக்கு மூச்சே வராது. இதோ, உள்ளே மின்விசிறி இரைய ஆரம்பித்துவிட்டது. ஏறுகிறது!

இது 60 கிலோவாட் சார்ஜர், இரண்டு கன். அடுத்த கன்னிலும் கார் வந்தால் பல சார்ஜர்கள் மின்சாரத்தைப் பிரித்துவிடும், ஆளுக்கு 30. வீட்டில் வருவது போன்ற ஏசி (மாறுதிசை) மின்சாரம் தரும் சார்ஜரில் கதை வேறு. அங்கே காருக்குள் இருக்கும் சார்ஜர்தான் அளவை முடிவு செய்யும். 7.2 கிலோவாட் வாங்குகிற காரை 22 கிலோவாட் ஏசியில் மாட்டினாலும் 7.2-க்கு மேல் ஏறாது.

பணம் கட்டும் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு ஆப், ஒரு வாலட். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஏப்ரல் 13-க்குப் பிறகு வைக்கும் 50 கிலோவாட்டும் அதற்கு மேலுமான பொது சார்ஜர்களில் கார்டு மூலமே கட்ட வசதி இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். எல்லா ஊருக்கும் இது வர வேண்டும். வீட்டில் பிளக் போட இடமில்லாதவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் இந்தப் பொது சார்ஜர்களை நம்பித்தானே வண்டி வாங்குகிறார்கள்?

வீடியோவை நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்ப வந்திருக்கிறேன். 79 சதவீதம். 80-ஐத் தாண்டினால் பேட்டரியைக் காப்பாற்ற வேகம் நன்றாகக் குறையும், கடைசி 20 ஏற நெடுநேரம் பிடிக்கும். பின்னால் ஒரு அண்ணன் காரோடு காத்திருக்கிறார். கழற்றி, கன்னை அதன் இடத்தில் மாட்டிவிட்டுக் கிளம்புகிறேன்.