ஈஸ்ட்டுக்குள் ஒரு பங்காளிக் கூட்டம்

வணக்கம் மக்களே. இந்த டம்ளரைக் கொஞ்சம் பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சிட்டிகை சர்க்கரை, அரை ஸ்பூன் ஈஸ்ட். கலந்து வைத்துப் பத்து நிமிடம்தான் ஆகிறது, அதற்குள் நுரை கட்டிவிட்டது. போன வாரம் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஒரு பாக்கெட்டையே கொன்றேன், அந்தக் கதை இப்போது வேண்டாம். இன்றைக்கு பன் சுடப் போவதில்லை. இந்த நுரைக்குள் இருக்கிற செல்லில் டிஎன்ஏ அறுந்தால் யார் ஓடி வருவார்கள் என்று பார்க்கலாம்.

டிஎன்ஏவின் இரண்டு இழையில் ஒன்று அறுந்தால் பெரிய விஷயமில்லை. எதிர் இழையைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் வினை. எக்ஸ்ரே அதைச் செய்யும். எக்ஸ்ரே பட்டதும் தாங்காமல் சாகிற ஈஸ்ட்டுகளைத் தேடிப் பிடித்து, அவற்றில் பழுதாகியிருந்த மரபணுக்களுக்கு 'ராட்' என்று பெயர் வைத்தார்கள். ரேடியேஷன் என்பதன் சுருக்கம்.

அதில் கதாநாயகன் ராட்51, அந்தப் பெயருள்ள மரபணு உண்டாக்கும் புரதம். அறுந்த முனையில் ஒரு இழையை மட்டும் அரித்துவிட்டு, மற்றொன்றை வால் போல நீட்டி வைக்கிறது செல். டிஎன்ஏவின் மூன்று எழுத்துக்கு (அடிப்படை அலகுக்கு) ஒரு ராட்51 என்று அந்த வாலில் வரிசையாக உட்காரும். வால் ஒன்றரை மடங்கு நீளும். அப்புறம் அந்த வரிசை, அறுபடாத இன்னொரு நகலில் தனக்குப் பொருந்தும் இடத்தைத் தேடிப் பிடிக்கும். அதைப் பார்த்து, விட்டுப்போனதை எழுதிக்கொள்ளும்.

சரி, இதில் சிக்கல் எங்கே? ஆர்பிஏ என்ற புரதம் முன்பே அந்த வாலில் துண்டு போட்டு இடம் பிடித்திருக்கும். அதைத் தாண்டி ராட்51-ஐ உட்கார வைப்பது ராட்52. உட்கார்ந்ததையும் உரித்துப் போடுகிற எஸ்ஆர்எஸ்2 என்று ஒருவர் வேறு. தேவையில்லாத ஒட்டுவேலை நடக்காமல் பார்ப்பது அவர் பொறுப்பு, வில்லன் என்று சொல்ல மாட்டேன்.

இங்கேதான் ராட்55, ராட்57 ஜோடி வருகிறது. ராட்51-க்குப் பங்காளிகள். ஒரே மூதாதை மரபணு பிரதியாகிப் பிரிந்து வந்த வம்சம், அதனால் முகஜாடை இருக்கும். ஆனால் ராட்51 செய்கிற வேலையை இவர்களால் தனியாகச் செய்ய முடியாது.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். ராட்55 இல்லாத ஈஸ்ட்டை எக்ஸ்ரேயில் காட்டிவிட்டு 36 டிகிரியில் வளர்த்தால் ஓரளவு பிழைக்கிறது. அதையே 23 டிகிரியில் வைத்தால் தட்டு வெறிச்சோடிப் போகிறது. 1987-லேயே கவனித்த விஷயம். புரதங்கள் கூடி ஒன்றாகக் கட்டிக்கொள்கிற வேலை குளிரில் தடுமாறும். ஆகவே இவர்கள் அந்தக் கட்டுமானத்துக்குக் கைகொடுக்கிறார்கள் என்று யூகித்தார்கள். ராட்51-ஐ அளவுக்கு மேல் உற்பத்தி செய்யவிட்டால் பங்காளி இல்லாத குறை பாதி தீர்ந்துவிடுகிறது. யூகத்துக்கு அது நல்ல பலம்.

இந்த ஜோடி வரிசைக்குள்ளேயே நின்று எஸ்ஆர்எஸ்2-ஐ மறிக்கிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 2021-ல் டிஎன்ஏ இழைகளைத் திரைச்சீலை போல வரிசையாகத் தொங்கவிட்டு, புரதங்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, ஒவ்வொரு மூலக்கூறாகப் பார்த்தார்கள். ஜோடி வருகிறது, ராட்51-ஐ உட்கார வைக்கிறது, உடனே கிளம்பிவிடுகிறது. எஸ்ஆர்எஸ்2-ஐ மறிக்கவே இல்லை. அவர் உரித்துக்கொண்டு போகிறார், பின்னாலேயே இவர்கள் வந்து மறுபடி பந்தி போடுகிறார்கள்.

நமக்கும் ராட்51 உண்டு, பங்காளிகள் ஐந்து பேர். அதில் ராட்51சி, ராட்51டி இரண்டில் ஒன்று பிறவியிலேயே பழுதானால் சினைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. அதைத் தனி வீடியோவாகப் போடுகிறேன். இப்போது டம்ளர் வழிகிறது, துணி எடுக்கணும்.