அட்லஸ் என்ற பெயர் கழுத்தெலும்புக்கே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வரைபட நூலுக்கும் அட்லஸ் என்று பெயர், முதுகெலும்புத் தொடரில் தலைக்கு நேர் கீழே இருக்கும் முதல் கழுத்து முள்ளெலும்புக்கும் அட்லஸ் என்று பெயர். அந்தப் பெயர் பெரிதும் பொருந்துவது வரைபட நூலுக்கா, கழுத்தெலும்புக்கா? நான் எலும்பின் பக்கம்.

"கிரேக்கப் புராணத்தில் பூமியைச் சுமந்தவன் அட்லஸ். பூமியைக் காட்டும் நூலுக்குத்தான் அந்தப் பெயர் தகும்" என்றார் எதிரணித் தலைவர். ஐயா, அவன் பூமியைச் சுமக்கவே இல்லை! பண்டைய கிரேக்கக் கவிஞர் ஹீசியட் பாட்டில் தலையாலும் கைகளாலும் அவன் தாங்குவது வானத்தை. இத்தாலியின் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ஃபர்னேசே அட்லஸ் என்ற பழங்காலச் சிலை சுமக்கும் உருண்டையிலும் விண்மீன் கூட்டங்களைத்தான் செதுக்கியிருக்கிறார்கள். வரைபடத் தொகுப்புக்கு இந்தப் பெயர் வந்தது 1595-இல் வெளியான, வரைபட வல்லுநர் மெர்காட்டரின் நூலால். அதில் அவர் போற்றியது வானம் சுமந்தவனை அல்ல, வட ஆப்பிரிக்காவின் பண்டைய மௌரிட்டானியாவை ஆண்டதாகச் சொல்லப்படும், வானியல் கற்ற அரசன் அட்லஸை. பெயர் ஒன்று, ஆள் வேறு!

மொராக்கோ மலைத்தொடருக்கும், 1962-இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென்னை ஏற்றிச் சென்ற ராக்கெட்டுக்கும் இதே பெயர் உண்டு. இருக்கட்டும்.

இனி, அட்லஸ் எனப்படும் அந்த முதல் கழுத்தெலும்புக்கு வருவோம். மற்ற முள்ளெலும்புகளுக்கு முன்னால் இருக்கும் கட்டையான உடல் இதற்கு இல்லை; பின்னால் நீளும் முள்ளும் இல்லை. வெறும் வளையம். அதன் இருபுறத் தடிப்புகளின் மேல் சிறுநீரக வடிவில் இரண்டு குழிகள். மண்டையோட்டின் அடிப்புடைப்புகள் அவற்றில்தான் அமர்கின்றன. ஏறத்தாழ 5 கிலோ தலை இந்த வளையத்தின் மேல்! 'ஆமாம்' என்று ஆட்டுவது அங்கேதான். 'இல்லை' என்று திருப்புவதில் ஏறத்தாழ பாதி, இதற்கும் அடுத்த எலும்பின் பல் போன்ற முனைக்கும் இடையில் நடக்கிறது. அந்த முனை பின்னால் நழுவித் தண்டுவடத்தை நசுக்காதபடி குறுக்கே ஓர் இணைப்பு நார் பிடித்திருக்கிறது.

ஆழமில்லாத தண்ணீரில் தலைகீழாகக் குதித்து உச்சந்தலை தரையில் மோதினால், விசை நேராக இந்த வளையத்தில் இறங்கும். தடிப்புகள் சாய்வானவை, அதனால் அவை வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, வளையம் முன்னும் பின்னும் உடைந்து விரியும். 1920-இல் அறுவை மருத்துவர் ஜெஃபர்சன் விவரித்த முறிவு இது. துண்டுகள் விலகிப்போவதால் பலருக்குத் தண்டுவடம் தப்பிவிடுகிறது. உடையும்போதும் காக்கிறது, நடுவர் அவர்களே! வாயைத் திறக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் இருபுறத் தடிப்புகளின் விலகலும் சேர்ந்து 7 மி.மீ. அளவை எட்டினால் குறுக்கு நாரும் அறுந்திருக்குமோ என்று மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். எம்ஆர்ஐ எடுத்து நாரையே பார்ப்பார்கள். அடிபட்டவரைத் தூக்கும்போது கழுத்தைத் திருப்பாதே, வளைக்காதே என்று மீட்புப் பணியாளர்கள் எச்சரிப்பதும் இதனால்தான்.

இப்படித் தலையைத் தாங்கும் எலும்பைவிட அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட அவர்களுடைய நூல் எதைச் சுமக்கிறது? எதிரணி பதில் சொல்லட்டும். வணக்கம்.