மேஸ்திரியை வேலைக்கு எடுக்கும்போது என்ன கேட்பது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு முதல் கேள்வி கடலூர் செம்மண்டலத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். சிவில் படித்துவிட்டு, சின்ன அளவில் வீடு கட்டிக் கொடுக்கிறாராம். திருப்பாதிரிப்புலியூரில் ஒன்று, முதுநகரில் ஒன்று, அரியாங்குப்பத்தில் ஒன்று என மூன்று இடத்தில் வேலை ஓடுகிறது. "மாதச் சம்பளத்துக்கு ஒரு மேஸ்திரி வைக்கப் பார்க்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் என்னைவிட வயதில் பெரியவர்கள். அவர்களை உட்காரவைத்து நான் என்ன கேட்பது?" என்கிறார்.

முதலில், உட்காரவைக்காதீர்கள் தம்பி. நாற்காலி போட்டுக் கேட்டால் எல்லா மேஸ்திரியும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "எல்லா வேலையும் தெரியும் சார்." சைட்டுக்கு வரச் சொல்லுங்கள். கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் போடக் காத்திருக்கும் தளம் ஏதாவது இருந்தால் ரொம்ப நல்லது. மேலே கூட்டிக்கொண்டு போய், எதுவும் கேட்காமல் கூட நடங்கள். அவர் கண் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். விஷயம் தெரிந்தவர் குனிந்து, கம்பிக்கு அடியில் அதைப் பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் கட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். பலகைச் சந்து வழியாகச் சிமெண்ட் பால் இறங்கிவிடுமா என்று பார்ப்பார். பிறகு அவராகவே கீழே இறங்கி, பலகையைத் தாங்கும் முட்டுகளைப் பார்த்தால், பாதி முடிவை அங்கேயே எடுத்துவிடலாம். முட்டுக்கு அடியில் உடைந்த செங்கல்லை அடுக்கி ஒப்பேற்றியிருப்பதைக் கண்டும் பேசாமல் போகிறவர் நமக்கு வேண்டாம்.

கவர் பிளாக்கைப் பற்றிக் கொஞ்சம் பேச்சுக் கொடுங்கள். நம்முடையது கடற்கரை ஊர். உப்புக்காற்று படும் கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதிநூல் 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனம், கேட்கிறது. உள்ளூர்ப் பழக்கத்தில் தளத்துக்கு 20 மில்லியோடு முடித்துவிடுவார்கள். மேஸ்திரிக்கு விதிநூல் எண் தெரிய வேண்டியதில்லை. "முதுநகர்ப் பக்கம் பழைய வீட்டில் எல்லாம் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து தொங்குதே, ஏன்?" என்று கேளுங்கள். அதற்கு அவர் தரும் விளக்கம் போதும். போர்த் தண்ணீர் கரித்தால் என்ன செய்வார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். "கலவைக்கு மட்டும் லாரித் தண்ணி, க்யூரிங்குக்கு அதே போர்த் தண்ணி" என்றால் அது அரைப் பதில். க்யூரிங், அதாவது போட்ட கான்கிரீட்டை நனைத்து வைப்பது, அந்தத் தண்ணீர் வழியாகவும் உப்பு உள்ளே போகும்.

எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. "ஒரு மூட்டை சிமெண்டுக்கு எவ்வளவு தண்ணி விடுவீங்க?" எம்20 என்ற வலிமைத் தரக் கலவையை, எடை போடாமல் பெட்டியால் அளந்து போட்டால் 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. "பதம் பார்த்து ஊத்துவோம்" என்பவர் நிறைய. "28, 30" என்று டக்கென்று சொல்கிறவர் சிலர். "மணல் எப்படி இருக்கு, காய்ஞ்சதா, மழையில நனைஞ்சதா?" என்று திருப்பிக் கேட்கிறவர்தான் ஆள். மணலில் இருக்கும் ஈரத்தைத் தண்ணீர்க் கணக்கில் கழிக்க வேண்டும். அது மட்டும் இல்லை, ஈர மணல் உப்பி நிற்கும், கால் பங்குக்கு மேலேகூட உப்பும். பெட்டி நிறைந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே மணல் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் வேலை பார்க்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம்தான் முக்கியமான விஷயம். நல்ல கொத்தனாரை மேஸ்திரியாக்கிவிட்டு, வேலையும் கெட்டு ஆளும் கெட்டுப்போன கதை ஊருக்கு நாலு இருக்கும். கையில் வேலை சுத்தமாக இருப்பது வேறு, பத்துப் பேரிடம் வேலை வாங்குவது வேறு. அதைவிட, தேவைப்பட்டால் வேலையை நிறுத்தத் தெரிய வேண்டும். அதனால் இப்படிக் கேளுங்கள்: "கடைசியா எந்த வேலையை, எதுக்காக நிறுத்தினீங்க?" ஒரு சம்பவம்கூட நினைவுக்கு வரவில்லை என்றால் யோசியுங்கள். அடுத்து, "கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சாச்சு, தளம் போட்டு அஞ்சாவது நாள் வீட்டுக்காரர் முட்டுகளைப் பிரிக்கச் சொல்றார். நான் ஊரில் இல்லை. என்ன செய்வீங்க?" தாங்கும் சுவர்களுக்கு இடையே நாலரை மீட்டர் வரைக்கும் உள்ள தளத்துக்கே குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள். சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் பிரிக்க வேண்டும். நாள் கணக்கை அவர் சொல்வாரா என்பதோடு, வீட்டுக்காரரிடம் எந்த வார்த்தையில் சொல்வார் என்பதையும் கவனியுங்கள். சண்டை போட்டு வருகிற மேஸ்திரியும் நமக்குச் செலவுதான்.

ஆள் விஷயத்தில் ஒரே ஒரு கேள்வி போதும்: "திங்கட்கிழமை பாதிப் பேர்தான் வந்தால்?" சனிக்கிழமை கூலி வாங்கி, புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டி மதுக்கடைப் பக்கம் போனால் என்ன நடக்கும் என்று நம் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "திங்கட்கிழமை நான் கான்கிரீட்டே வைக்க மாட்டேன் சார், கம்பி வெட்டறது, செங்கல் நனைக்கிறதுன்னு ஓட்டிடுவேன்" என்று சொல்லும் மேஸ்திரி கிடைத்தால் விடாதீர்கள்.

பணத்தை மழுப்பாமல் பேசிவிடுங்கள். அவர் தன் ஆட்களைக் கூட்டி வந்தால், தலைக்கு இவ்வளவு என்று அவர்கள் கூலியில் பிடிக்கிறாரா? பிடிக்கிறார் என்றால் ஆள் எண்ணிக்கை தானாக ஏறும். கூலியை நீங்களே நேராக அவரவர் கையில், இல்லையென்றால் கணக்கில் போடுவதாக முதல் நாளே சொல்லுங்கள். கடையில் கமிஷன் வாங்கக் கூடாது என்பதையும் அன்றே சொல்லுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை வைத்திருக்கிறாரா, புதுப்பித்திருக்கிறாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அரியாங்குப்பம் புதுச்சேரிக் கணக்கு, அங்கே வாரியம் தனி.

விசாரிப்பதென்றால் பழைய வீட்டுக்காரரோடு நிறுத்த வேண்டாம். அவரிடம் வேலை பார்த்த ஒரு சித்தாள் அம்மாவிடம் கேளுங்கள். சாரத்தில் ஏறச் சொல்லும்போது எப்படிப் பேசுவார், கூலி நாளில் எப்படி நடந்துகொள்வார் என்று அவர்களைவிடச் சரியாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

வயது வித்தியாசத்துக்குப் பயப்படாதீர்கள். "அண்ணே" என்றே கூப்பிடுங்கள். தப்பு கண்டால் ஆட்கள் முன்னால் சொல்லாமல் தனியே அழைத்துச் சொல்லுங்கள். இரண்டு வாரம் நாள் கூலிக்கு வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு மாதச் சம்பளம் பேசுங்கள். மூன்று சைட்டுக்கும் அவர் ஒருவரே ஓட வேண்டும் என்றால் பெட்ரோல் காசைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள். சம்பளத்துக்குள் அடக்கினால், அரியாங்குப்பத்தில் என்ன நடக்கிறது என்பதை அவரும் உங்களை மாதிரி போனில்தான் கேட்டுக்கொண்டிருப்பார்.