மறுகாவும் மெழுகுதிரிதான்: விஞ்ஞானப் புத்தகம் வாங்குறது எப்படி?

வணக்கம். இந்தக் கிழமை வந்த கேள்விகள்ல ஒண்டு மட்டும் மனசுக்குள்ள நிண்டுட்டுது. களுவாஞ்சிக்குடியில இருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறாங்க: "மூத்தவள் பத்தாம் வகுப்பு, நடுவிலான் ஆறாம் வகுப்பு, கடைக்குட்டிக்கு நாலு வயசு. மூண்டு பேருக்கும் நல்ல விஞ்ஞானப் புத்தகமாப் பேர் சொல்லுங்க, மட்டக்களப்புக்குப் போகக்குள்ள வாங்கிட்டு வாறன்."

பேர் சொல்ல மாட்டன் அக்கா, கோவிக்காதீங்க. பேர் சொன்னா அது கடையில இருக்காது, இருந்தாலும் பழைய பதிப்பா இருக்கும். கடையில நிண்டபடியே எந்தப் பக்கத்தைத் திறந்து பாக்கிறது எண்டு சொல்றன். அது எந்தக் கடைக்கும் சரி வரும்.

தொடர்ந்து பாக்கிற ஆக்களுக்குத் தெரியும், நான் எங்க போய் நிப்பன் எண்டு. ஓம், மறுகாவும் மெழுகுதிரிதான். சோதனைப் புத்தகம் எண்டா அந்தப் பக்கம் இல்லாமல் இருக்காது. தட்டில தண்ணி, நடுவில எரியிற மெழுகுதிரி, மேல கிளாசைக் கவிழ்த்தா தண்ணி உள்ளுக்கு ஏறும். கீழ ஒரு வரி இருக்கும்: "ஒட்சிசன் எரிந்து முடிந்ததால் நீர் ஏறியது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன் உண்டு." இந்த வரி மட்டும் இருந்தாப் புத்தகத்தை மூடி வைங்க.

ஏன் எண்டா, உண்மையில நடக்கிறது வேற. கிளாசைக் கவிழ்க்கிற நேரம் சுடர் உள்ளுக்குள்ள இருக்கிற காத்தைச் சூடாக்கிப் பெருக்க வைக்குது. கொஞ்சம் காத்து விளிம்பால வெளிய போகும், உத்துப் பாத்தா குமிழி தெரியும். சுடர் அணைஞ்ச பிறகு மிஞ்சின காத்து குளிர்ந்து சுருங்குது, அப்பதான் தண்ணி விறுவிறு எண்டு ஏறுது. ஒட்சிசன் முழுக்க முடியிறதுக்கு முன்னமே சுடர் அணைஞ்சிடும். போன ஒட்சிசனுக்குப் பதிலாக் காபனீரொட்சைட்டும் நீராவியும் வேற வந்திருக்கு. நம்பிக்கை இல்லாட்டி ஒரே கிளாசுக்குள்ள மூண்டு மெழுகுதிரி வைச்சுப் பாருங்க, தண்ணி இன்னும் உயரத்துக்கு ஏறும். கிளாசுக்குள்ள இருக்கிற ஒட்சிசன் அதே அளவுதானே? அப்ப ஏன் கூட ஏறுது? இந்தக் கேள்வியைக் கேக்கிற புத்தகம் கிடைச்சா விலை பாக்காமல் வாங்குங்க.

சரி, கடைக்குட்டிக்கு வருவம். நாலு வயசுக்குப் படம்தான் புத்தகம். அதனால படத்தில கால் எண்ணுங்க. எறும்புக்கு ஆறு கால், ஆறும் உடம்பின்ட நடுத்துண்டில இருந்து வரணும். பின்னால இருக்கிற குண்டுத் துண்டில கால் முளைச்சிருந்தாக் கீறின ஆள் எறும்பைப் பாக்கேல்ல. சிலந்திக்கு எட்டு. மறுகா பிறையைப் பாருங்க. கனக்கப் புத்தகத்தில பிறைக்கு நடுவில ஒரு நட்சத்திரம் கிடக்கும். அந்த இடத்தில சந்திரன்ட இருண்ட பக்கம் இருக்கு, அதுக்குள்ளால நட்சத்திரம் தெரிய வழியே இல்ல. இன்னொண்டு, புத்தகத்துப் பிறை நிமிந்து நிக்கும். எங்கட வானத்தில அது பெரும்பாலும் வாவியில மிதக்கிற தோணி மாதிரிக் கிடக்கும். அது புத்தகத்தின்ட பிழை இல்ல, எழுதினவர் வடக்குத் தேசத்துக்காரர், அவ்வளவுதான். புள்ளையை முற்றத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாச் சரி. பக்கத்துக்கு ஒரு விசயம், மூண்டு நாலு வரி, தடித்த மட்டை, இது போதும். நூலால தைச்ச கட்டா எடுங்க. கம்பி அடிச்சது எங்கட உப்புக் காத்துக்குத் துருப்பிடிச்சுத் தாளைத் தின்னும்.

ஆறாம் வகுப்புத் தம்பிக்குத்தான் கவனமா வாங்கணும். அதுவரைக்கும் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் எண்டு படிச்ச புள்ளை, இப்பதான் விஞ்ஞானம் எண்ட பாடத்துக்குள்ள வாறான். அந்த வயசுக்குக் கை வேலை கேக்கும். சோதனைப் பக்கத்தில அளவு இருக்கா எண்டு பாருங்க. "சிறிதளவு", "தேவையான அளவு" எண்டு எழுதினது சமையல் தெரிஞ்ச ஆளுக்குச் சரி, பதினொரு வயசுக்குச் சரிவராது.

உதாரணத்துக்கு நிறங்காட்டி, அதாவது அமிலமா காரமா எண்டு நிறம் மாறிக் காட்டுற சாறு. வெளிநாட்டுப் புத்தகம் ஊதாக் கோவாவைக் கேக்கும். எங்கட வேலியில செவ்வரத்தை இருக்கு. நல்ல புத்தகம் எண்டா இப்பிடிச் சொல்லும்: அஞ்சு சிவப்புப் பூவின்ட இதழ், அரைக் கோப்பை கொதிநீர், பத்து நிமிசம் ஊற விட்டு வடிக்கணும். மூண்டு சின்னக் கிளாசில பகிர்ந்து, ஒண்டில அரைத் தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு விட்டாக் கடும் ரோசா, ஒண்டில கால் தேக்கரண்டி அப்பச்சோடா போட்டாப் பச்சை, மற்றது ஒப்பிட்டுப் பாக்க அப்பிடியே. இதைவிட நல்ல புத்தகம் இன்னொரு வரி சேர்க்கும்: சில கிணத்துத் தண்ணி தன்னிலே காரமா இருக்கும், அதில ஊற வைச்சாச் சாறு முதலே பச்சைப் பக்கம் சாயும், அப்ப மழைத் தண்ணியில செய்து பாருங்க, வடிச்ச சாறு அடுத்த நாளைக்குப் பழுதாகிடும், அண்டண்டைக்கு வடிங்க. எங்க பிழைக்கும், ஏன் பிழைக்கும் எண்டு எழுதியிருந்தா, எழுதினவர் அதைச் செய்து பாத்திருக்கிறார் எண்டு அர்த்தம்.

வானத்துப் பக்கம் இருந்தா அதையும் பாருங்க. "நண்பகலில் நிழல் வடக்கே விழும்" எண்டு பொதுவா எழுதியிருக்கும். மட்டக்களப்பில ஏப்ரல் 9, 10 அளவில சூரியன் நேர உச்சிக்கு வருது. அதுக்குப் பிறகு செப்டெம்பர் தொடங்கிற வரைக்கும் மத்தியான நிழல் தெற்கே விழும். துருவ நட்சத்திரம் எங்களுக்கு அடிவானத்தில இருந்து எட்டுப் பாகை அளவுதான் உயரும். கையை நீட்டி விரல்களைப் பொத்திப் பிடிச்சா அது பத்துப் பாகை அகலம், நட்சத்திரம் அதுக்கும் கீழ. கல்லடிக் கடற்கரையில நிண்டு புத்தகத்து வான்படத்தைப் பிடிச்சுப் பாத்தாப் பொருந்தாது. புள்ளை தன்னில பிழை எண்டு நினைச்சுடும்.

மூத்தவளுக்கு வேற ஆபத்து. கடையில இருக்கிற தமிழ் விஞ்ஞானப் புத்தகத்தில கனக்க தமிழ்நாட்டில அச்சடிச்சது. புத்தகம் நல்லாத்தான் இருக்கும், சொல் வேற. ஒளித்தொகுப்பை ஒளிச்சேர்க்கை எண்டும் இழையத்தைத் திசு எண்டும் போட்டிருந்தாப் பிரச்சினை இல்ல, விளங்கிடும். ஒரே சொல்லுக்கு வேற கருத்து வாறதுதான் பொல்லாதது. பொருளில எவ்வளவு இருக்கு எண்டதும் அதைப் பூமி இழுக்கிற விசையும் எங்கட பாடத்தில திணிவு, நிறை. அங்க நிறை, எடை. எங்களுக்கு நிறை எண்டா நியூட்டன்ல அளக்கிறது, அவங்களுக்கு நிறை எண்டாக் கிலோகிராம். அஞ்சு கிலோ திணிவுள்ள பொருளுக்கு எங்கட நிறை ஏறக்குறைய 50 நியூட்டன். அவங்கட நிறை வெறும் 5. அதே மாதிரி வேகம்: எங்களுக்கு அது கதியோட (எவ்வளவு விரைவு எண்டது) திசையும் சேர்ந்தது, அவங்களுக்குத் திசையில்லாதது, திசை சேர்ந்தாத் திசைவேகம். பரீட்சை நெருங்கக்குள்ள இந்தக் கலப்படம் புள்ளைக்குத் தேவையில்ல. (காரைதீவு விபுலாநந்த அடிகளே சென்னையில சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினவர். பிறகும் இரண்டு கரையும் ஒரு சொல்லில நிக்கேல்ல.) வாங்கினாக் கடைசித் தாளில இரண்டு நிரலாச் சொற்களை எழுதி ஒட்டி விடுங்க, பதினைஞ்சு இருபது சொல் வரும்.

மறுகா பதிப்புத் தாள். மறுபதிப்பு 2021 எண்டு இருக்கும், முதல் பதிப்பு 1998 எண்டு இருக்கும். மறுபதிப்பு வேற, திருத்திய பதிப்பு வேற. கோள் ஒன்பது எண்டா 2006க்கு முந்தின எழுத்து. ஆவர்த்தன அட்டவணையில கடைசிப் பெட்டிகளுக்குப் பேர் இல்லாட்டி 2016க்கு முந்தினது. கடந்தகால வினாத்தாள்த் தொகுப்பு விஞ்ஞானப் புத்தகம் இல்ல அக்கா. அது தேவைதான், ஆனா வேற காசில வாங்குங்க. அரசாங்கப் பாடப்புத்தகம் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ட தளத்தில சும்மா கிடைக்கும், கீழ்வகுப்புப் புத்தகத்தையும் சேர்த்து இறக்கி வைங்க.

நீங்க கேக்காத கேள்வி ஒண்டு இருக்கு: வாங்கிட்டு வந்து என்ன செய்யிறது? முதல்ல வாங்காதீங்க. பொது நூலகத்தில இரவல் எடுத்து இரண்டு கிழமை வீட்டில கிடக்க விடுங்க. எதைத் திருப்பிக் குடுக்க மனமில்லாமல் புள்ளை அழுதோ, அதை வாங்குங்க. மறுகா மூண்டு மெழுகுதிரி, ஒரு தட்டு, ஒரு கிளாஸ் எடுத்து மேசையில வைங்க. தண்ணியில ரெண்டு சொட்டு மை விட்டாத்தான் மட்டம் வடிவாத் தெரியும். தண்ணி ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது, குறைஞ்சா விளிம்பால காத்துப் புகுந்து ஒண்டும் ஏறாது. சுடர் கிளாசின்ட அடியில முட்டாமல் ரெண்டு விரல் இடைவெளி விடுங்க, இல்லாட்டிக் கிளாஸ் வெடிக்கும். மூத்தவளைப் பக்கத்தில நிக்கச் சொல்லுங்க.

அடுத்த கேள்வி அக்கரைப்பற்றில இருந்து, நுணுக்குக்காட்டி வாங்குறதைப் பற்றி.