டிராக்டர் பவர் ஸ்டீயரிங்ல ஏர் புடிச்சா எடுக்குறது எப்படி?

[காட்சி: முன் ஆக்சில், ஸ்டீயரிங் சிலிண்டர், ரெண்டு ஹோஸ் கிட்டக்க]

வணக்கம். ஸ்டீயரிங்கைத் திருப்பினா முதல்ல ஒண்ணும் நடக்கல, அப்புறம் வெடுக்குனு சக்கரம் திரும்புது. பம்ப் கொய்யுனு கத்துது. ஆயில் டேங்க் மூடியத் திறந்தா நுரை. இந்த மூணும் சேர்ந்து வந்தா லைன்ல ஏர் புடிச்சிருக்கு. காவேரிப்பட்டணம் மண்டிக்கு மாங்கா லோடு அடிக்கிற வண்டியில இத நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாதீங்க.

ஏன்னா இந்த வகை ஸ்டீயரிங்ல உங்க கைக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இரும்புத் தொடர்பு கிடையாது. ஸ்டீயரிங் கம்பிக்குக் கீழ ஆர்பிட்ரோல் யூனிட், நீங்க திருப்புற பக்கத்துக்கு ஆயிலைத் தள்ளுறது இதுதான். அங்கிருந்து ரெண்டு ஹோஸ், அதுக்கப்புறம் சக்கரத்தைத் திருப்புற சிலிண்டர். நடுவுல இருக்கிறது ஆயில் மட்டும்தான். ஆயில் நசுங்காது, காற்று நசுங்கும். 100 பார், அதாவது நம்மைச் சுத்தி இருக்கிற காற்றழுத்தம் மாதிரி ஏறக்குறைய நூறு மடங்கு அழுத்தம் வந்தா 100 மில்லி காற்று ஏறக்குறைய 1 மில்லியா சுருங்கிடும். நீங்க திருப்புற திருப்பு, சக்கரத்துக்குப் போகாம காற்றை நசுக்குறதுலயே தீர்ந்துபோகுது.

சோதிக்கிற வழியும் இதுலயே இருக்கு. இன்ஜின் ஐடில்ல ஓடும்போது டேங்க்ல ஆயில் மட்டத்தப் பாருங்க. ஆஃப் பண்ணிட்டுத் திரும்பப் பாருங்க. மட்டம் நல்லா மேல ஏறினா, உள்ள நசுங்கிக் கிடந்த காற்று விரியுதுன்னு தெரிஞ்சுக்கலாம்.

[காட்சி: கண்ணாடி பாட்டில்ல எடுத்த ஆயில்]

ஆயில் பால் மாதிரி இருந்தா கொஞ்சம் பாட்டில்ல எடுத்து வைங்க. கொஞ்ச நேரத்துல அடியில இருந்து தெளிஞ்சுக்கிட்டே வந்தா காற்று. தெளியாம கலங்கலாவே நின்னா தண்ணி கலந்திருக்கு. அப்போ ஏர் எடுத்துப் பிரயோஜனம் இல்ல, ஆயிலையே மாத்தணும்.

ஏர் எடுக்குறதுக்கு முன்னாடி அது எந்த வழியா வந்துச்சுன்னு பாருங்க. நிறைய பேர் இத விட்டுடுறாங்க, ஒரு வாரத்துல திரும்ப நுரை. பிரஷர் ஹோஸ்ல ஓட்டை இருந்தா ஆயில் வெளிய கசியும், கண்ணுக்குத் தெரியும். டேங்க்ல இருந்து பம்புக்கு வர்ற சக்‌ஷன் ஹோஸ் அப்படி இல்ல. அங்க பம்ப் உறிஞ்சுது. அதனால ஆயில் வெளிய வராம காற்று உள்ள போகும், ஹோஸ் காய்ஞ்சே இருக்கும். இன்ஜின் ஐடில்ல ஓடும்போது, ஃபேன் பெல்ட் பக்கம் கை போகாம, கிளிப், ஜாயின்ட் ஒவ்வொண்ணு மேலயும் கிரீஸ் தடவுங்க. எந்த இடத்துல தடவினதும் பம்ப் சத்தம் மாறுதோ, அதுதான் ஓட்டை. கிளிப், ஓ-ரிங், வெடிச்ச ஹோஸ், எதுவோ அத மாத்துங்க. பம்ப் ஷாஃப்ட் சீல் போனாலும் இதே கதைதான். ஃபில்டர் அடைச்சிருந்தாலும் பம்ப் இப்படித்தான் கத்தும், அதையும் கழட்டிப் பாத்துடுங்க.

ஆயில் விஷயம். சில வண்டியில ஸ்டீயரிங்குக்குத் தனி டேங்க், சிலதுல கியர் பாக்ஸ் ஆயில்தான் இதுக்கும். வண்டி புக்ல போட்டிருக்கிற கிரேடையே ஊத்துங்க. அவசரத்துக்குக் கூட பிரேக் ஆயில் வேண்டாம், ரப்பர் சீல் ஊறி வீணாப் போகும்.

[காட்சி: ஜாக்கி வைக்கிறது]

இப்ப வேலை. டிரெய்லரைக் கழட்டுங்க. சமமான தரை, ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்குக் கட்டை. ஆக்சில் நடுவுல ஜாக்கி கொடுத்து ரெண்டு முன் சக்கரத்தையும் தூக்குங்க. நடு பின்னுல ஆக்சில் ஆடும், அதனால ரெண்டு பக்கமும் முட்டு வைங்க. ஜாக்கிய நம்பி அடியில போகாதீங்க. சக்கரம் தரையில இருந்தா அழுத்தம் ஏறி காற்று பொடி நுரையா உடைஞ்சு ஆயில்லயே கலந்துடும். தூக்கி வச்சா பெரிய குமிழா மேல வந்துடும்.

டேங்க் மூடியச் சுத்தித் துடைச்சிட்டு, மார்க் வரைக்கும் ஆயில் ஊத்துங்க. இன்ஜின் ஆஃப்லயே ஸ்டீயரிங்கை மெதுவா இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் அஞ்சாறு தடவை திருப்புங்க. நடுநடுவுல மட்டம் இறங்கும், ஊத்திக்கிட்டே இருக்கணும். ஒரு தடவை டேங்க் வறண்டா மறுபடி முதல்ல இருந்துதான். அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, ஐடில்லயே, பத்து தடவை. ஆக்சிலேட்டரைத் தொடாதீங்க. கடைசில போய் முட்டினதும் பிடிச்சுக்கிட்டே நிக்காதீங்க, அழுத்தம் மிஞ்சினா திறக்குற ரிலீஃப் வால்வு திறந்து ஆயில் சூடாகும். ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் விடுங்க, குமிழ் மேல வரட்டும். மட்டம் பாத்துட்டு இன்னொரு தடவை.

பெரும்பாலான வண்டிக்கு இதுவே போதும். சிலிண்டர் கழட்டி மாட்டின வண்டியில மட்டும் காற்று ஒரு மூலையில அடங்கிக்கும், முக்கியமா ஹோஸ் வாய் கீழ் பக்கம் பாத்து இருந்தா. அதுக்கு இன்ஜின் ஆஃப்ல ஒருத்தர் மெதுவா ஒரு பக்கம் திருப்பட்டும். அந்தப் பக்கம் ஆயில் தள்ளுற ஹோஸ் நட்டை அரைச் சுத்து தளர்த்துங்க. புஸ்ஸுனு நுரை வரும், அப்புறம் சுத்தமான ஆயில் வரும். அவர் திருப்பிக்கிட்டு இருக்கும்போதே டைட் பண்ணிடணும். கை நிறுத்தினா காற்றை உள்ள இழுத்துக்கும். இதே மாதிரி அடுத்த ஹோஸ். இன்ஜின் ஓடும்போது எந்த நட்டையும் தளர்த்தாதீங்க, அழுத்தம் இருக்கிற ஹோஸ்ல கசிவைக் கையால தேடாதீங்க. அந்த அழுத்தத்துல ஆயில் தோலைத் துளைச்சு உள்ள போகும். அட்டைய நீட்டிப் பாருங்க.

[காட்சி: சக்கரம் கடைசி வரை திரும்பி நிக்குது]

நுரையும் போச்சு, சத்தமும் போச்சு, ஆனா சக்கரம் கடைசில முட்டின பிறகும் ஸ்டீயரிங் தாராளமா சுத்திக்கிட்டே போகுதா? அது ஏர் இல்ல. சிலிண்டர் பிஸ்டன் சீல் இல்லன்னா ஆர்பிட்ரோல் தேய்ஞ்சிருக்கு. இடது திருப்பினா வலது போகுதுன்னா ரெண்டு ஹோஸும் மாறிப்போச்சு, சிரிக்காதீங்க, நடக்குறதுதான்.

இன்னொண்ணு. தொப்பூர் கணவாய் மாதிரி இறக்கத்துல டீசல் மிச்சம்னு இன்ஜினை ஆஃப் பண்ணி உருட்டுறவங்க இருக்காங்க. பம்ப் நின்னா ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிடும். லைன்ல ஏரும் இருந்தா, அந்தக் கனத்தோட திருப்பினாலும் சக்கரம் கேக்காது.

வேலை முடிஞ்சு வண்டியக் கொல்லையில ரெண்டு மணி நேரம் ஓட்டுங்க. மறுநாள் காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி மட்டம் பாத்து, மாத்தின கிளிப்பை இன்னொரு தடவை டைட் பண்ணிடுங்க. சூட்டுல ஹோஸ் அமுங்கி அது கொஞ்சம் லூசாகி இருக்கும்.