நடந்து வந்த கையோடு பி.பி. பார்க்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

காலையில் பூங்காவில் வேகமாக நடந்துவிட்டு வெளியே வருகிறீர்கள். வாசலில் மேசை போட்டு இலவசமாக பி.பி. பார்க்கிறார்கள். கையை நீட்டினால் 158-க்கு 84 என்கிறார்கள். நேற்று வீட்டில் 128 தானே இருந்தது என்று மனசு பதறுகிறது. பதறாதீர்கள். அந்த 158-ல் உங்கள் நடையும் சேர்ந்திருக்கிறது.

ஓய்வில் நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கும் இதயம், கடுமையாக உழைக்கும்போது 15, 20 லிட்டர்கூட இறைக்கும். மேல் அளவு ஏறுவது அதனால்தான். ஓட்டத்தின் உச்சத்தில் 180, 200 வரை போவது ஆரோக்கியமான உடம்பிலும் நடப்பதே. கீழ் அளவு பெரும்பாலும் அப்படியே நிற்கும், அல்லது சற்று இறங்கும். உழைக்கும் தசைகளில் ரத்தக் குழாய்கள் விரிந்துகொடுக்கின்றன. பளு தூக்குவது அப்படியல்ல. மூச்சை அடக்கி முக்கித் தூக்கினால் இரண்டு அளவும் சேர்ந்தே எகிறும். பளு பயிற்சியாளர்களிடம் மேல் அளவு 300-ஐத் தாண்டியும் பதிவாகியிருக்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எடையைக் குறைத்து, மூச்சை வெளியே விட்டபடி தூக்குங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது இதற்கு நேர்மாறான ஏமாற்றம். நடையை நிறுத்தியதும் சில நிமிடங்களில் அழுத்தம் இறங்கும். பலருக்கு வழக்கமான அளவுக்கும் கீழே 5 முதல் 10 வரை போய், சில மணி நேரம் அப்படியே இருக்கும். அந்த நேரத்தில் அளந்து, 118 என்று பார்த்து, "இனி மாத்திரை எதற்கு?" என்று நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரையின் பலன் தீர்ந்ததும் அழுத்தம் மறுபடி ஏறிவிடும். வாரத்தில் 150 நிமிடம் என்று மாதக்கணக்கில் விடாமல் நடந்தால், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அளவு 5 முதல் 8 வரை குறையலாம். நடையை விட்டால் அந்தப் பலனும் போய்விடும். மாத்திரையைக் குறைப்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஒரு வார அளவுகளை எழுதிக்கொண்டு போங்கள்.

அந்த அளவுகளைக் காலையில் நடக்கப் போகும் முன்பே எடுத்துவிடுவது நல்லது. காபி, மாத்திரை இரண்டுக்கும் முன்னால். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கால் மேல் கால் போட வேண்டாம். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்றி, கையை இதயத்தின் மட்டத்தில் மேசை மேல் வையுங்கள்; கை தொங்கினால் அளவு கூடிக் காட்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை போட்டாலும் அப்படித்தான். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, சராசரியைக் குறியுங்கள். மாலையிலும் இப்படியே. பயிற்சிக்குப் பிறகுதான் அளக்க முடியும் என்றால் அரை மணி நேரமாவது போகட்டும். "நடந்த பின்" என்று பக்கத்தில் எழுதிவையுங்கள்.

ஓய்விலேயே 180-க்கு 110-ஐத் தாண்டினால் அன்று பயிற்சி வேண்டாம், மருத்துவரிடம் பேசுங்கள். கூடவே நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வாய் கோணலோ இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். அட்டினோலால், மெட்டோபுரோலால் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் பி.பி. மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கு நாடி அவ்வளவாக ஏறாது. அவர்கள் நாடியை நம்பாமல், பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில் நடக்கட்டும். நடையைச் சட்டென்று நிறுத்தினால் ரத்தம் கால்களில் தங்கித் தலை சுற்றும். கடைசி 5 நிமிடம் மெல்ல நடந்து முடியுங்கள்.

வணக்கம்.