அணைத்த பிறகும் கொதிக்கும் உலை: ஓர் அணுப் பொறியாளரின் வேலை

[திரையில்: கையுறை போட்ட உள்ளங்கை. அதில் ஒரு சிறிய கறுப்பு வில்லை.]

வணக்கம். இதைப் பாருங்கள். உயரம் சுமார் 1 சென்டிமீட்டர், சுண்டு விரல் நுனியைவிடப் பெரிதில்லை. இது யுரேனியம் ஆக்சைடு வில்லை. அணு உலையின் எரிபொருள். இந்த ஒன்றிலிருந்து கிடைக்கும் ஆற்றலுக்கு நிலக்கரி என்றால் ஏறக்குறைய ஒரு டன் எரிக்க வேண்டும்.

புதிதாக இருக்கும்போது இதை இப்படிக் கையில் வைத்துப் பார்க்கலாம். உலைக்குள் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வந்த பிறகு, இத்தகைய வில்லைகள் அடங்கிய எரிபொருள் கட்டின் பக்கத்தில் தடுப்பு இல்லாமல் யாரும் நிற்க முடியாது. சில நிமிடங்களே உயிரைப் பறிக்கப் போதும். ஆனால் சில மீட்டர் ஆழத் தண்ணீருக்கு அடியில் வைத்துவிட்டால், அதே கட்டை மேலே நின்று எட்டிப் பார்க்கலாம். குளத்தின் அடியில் நீல நிற ஒளி தெரியும். செரன்கோவ் ஒளி என்று அதற்குப் பெயர். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

[திரையில்: உலையின் குறுக்குவெட்டுப் படம். கட்டுப்பாட்டுக் கோல்கள் மேலிருந்து இறங்குகின்றன.]

சரி, உள்ளே என்ன நடக்கிறது? நியூட்ரான் மோதி யுரேனியம் அணு பிளக்கிறது, வெப்பம் வருகிறது, அந்த வெப்பத்தில் நீராவி, நீராவியில் டர்பைன் சுழல்கிறது. இதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும். பொறியாளரின் தூக்கத்தைக் கெடுப்பது அதற்கு அடுத்த கட்டம்.

கட்டுப்பாட்டுக் கோல்களை இறக்கினால் சில நொடிகளில் அணுப்பிளவுத் தொடர்வினை நின்றுவிடும். உலை அணைந்துவிட்டது. ஆனால் சூடு நிற்காது. பிளந்த துண்டுகள் தாமாகவே சிதைந்துகொண்டு வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். இதைச் சிதைவு வெப்பம் என்கிறோம். 3,000 மெகாவாட் வெப்பம் தரும் உலையை அணைத்த அந்த நொடியில் சுமார் 200 மெகாவாட் மிச்சம் இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து 40 மெகாவாட் அளவில். ஒரு நாள் கழித்துக்கூட 15 மெகாவாட் பக்கம். இதை அணைக்க எந்தப் பொத்தானும் கிடையாது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் நிலநடுக்கம் வந்தவுடன், ஓடிக்கொண்டிருந்த உலைகள் சரியாகவே அணைந்தன. சுமார் 50 நிமிடம் கழித்து வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. பம்புகளுக்கு மின்சாரம் இல்லை, தண்ணீர் ஓடவில்லை. மூன்று உலைகளை உருக்கியது அந்த மிச்சச் சூடுதான்.

அதனால்தான் அணுப் பொறியாளர் என்று பெயர் இருந்தாலும், இவர்களில் பெரும்பாலானோருடைய நாள் பம்ப், வால்வு, குழாய், தண்ணீர், வெப்பக் கணக்கு என்றே போகிறது. எரிபொருளை மாற்றும்போது எந்தக் கட்டு எந்த இடத்தில் என்று வரைபடம் போடுபவர்கள் உண்டு. கதிர்வீச்சுத் தடுப்புச் சுவரின் கனத்தைக் கணக்கிடுபவர்கள், பழைய உலைகளைப் பிரித்து அகற்றுபவர்கள் என்று வேறு பலரும் உண்டு.

[திரையில்: வெள்ளை உடுப்பு அணிந்த பணியாளர். பேனா ஒரு கயிற்றில் கட்டியிருக்கிறது.]

இந்தப் பேனாவைக் கவனியுங்கள். திறந்திருக்கும் உலைக்குப் பக்கத்தில் வேலை என்றால் பேனா, கண்ணாடி, ஸ்பானர் எல்லாவற்றையும் கயிற்றில் கட்ட வேண்டும். உள்ளே போகும்போது எண்ணி, வெளியே வரும்போதும் எண்ண வேண்டும். ஏன் இத்தனை கெடுபிடி? எரிபொருள் வில்லைகள் இருக்கும் குழாயின் சுவர் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. தவறி விழுந்த ஒரு சின்னக் கம்பித் துண்டு தண்ணீரோடு போய் அங்கே சிக்கி, மாதக்கணக்கில் உரசி உரசி ஓட்டை போட்டுவிடும்.

அவர் நெஞ்சில் இருக்கும் கருவி டோசிமீட்டர். உடம்பில் படும் கதிர்வீச்சை அளப்பது. பணியாளர்களுக்கான சர்வதேசப் பரிந்துரை, ஐந்து ஆண்டுச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சின் அலகு). மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் நம் எல்லாருக்கும் இயல்பாகவே உலகச் சராசரியாக 2.4 வருகிறது. வரம்பு 20 என்பதற்காக 20 வரை வாங்கிக்கொள்ளலாம் என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. பத்து நிமிட வேலைக்கு, மாதிரிக் கருவியில் பல முறை ஒத்திகை பார்த்துவிட்டு உள்ளே போவார்கள். உள்ளே யோசித்துக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் டோஸ்.

அப்புறம், பேச்சு. கட்டுப்பாட்டு அறையில் இப்படித்தான் பேசுவார்கள்: "இரண்டாம் எண் பம்பை நிறுத்துங்கள்." "இரண்டாம் எண் பம்பை நிறுத்துகிறேன்." "ஆம், அதுதான்." மூன்றாவது வாக்கியம் வந்த பிறகுதான் கை சுவிட்சுக்குப் போகும். புதிதாக வருபவர்களுக்கு முதல் வாரம் இது கூச்சமாக இருக்கும். பிறகு இப்படிப் பேசாவிட்டால்தான் பதற்றமாக இருக்கும்.

[திரையில்: பழைய கட்டுப்பாட்டுப் பலகை. ஒரு சிறிய விளக்கு அணைகிறது.]

இந்தப் பழக்கங்களுக்கெல்லாம் பின்னால் ஒரு விளக்கு இருக்கிறது. 1979 மார்ச் 28, விடியற்காலை, அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். அழுத்தம் ஏறியதால் திறந்த ஒரு வால்வு மூடிக்கொள்ளாமல் சிக்கிக்கொண்டது. பலகையில் அதற்கான விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டது என்று ஆபரேட்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த விளக்கு காட்டியது, 'மூடு' என்ற உத்தரவு போனதை மட்டுமே. வால்வு உண்மையில் மூடியதா என்று பார்க்க அதற்கு வழியே இல்லை. உலைக்குள் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்து, அவசர பம்புகளிலிருந்து வந்த தண்ணீரையும் குறைத்துவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. அணைத்த உலைதான், ஆனாலும் அதன் மையத்தில் ஏறக்குறைய பாதி உருகியது.

அந்தக் கசிவை யார் நிறுத்தியது தெரியுமா? முதலிலிருந்தே அங்கே இருந்து அலாரங்களோடு போராடிக்கொண்டிருந்தவர்கள் இல்லை. அடுத்த ஷிப்டுக்கு வந்த ஒருவர். புதிய கண்ணோடு அளவுகளைப் பார்த்து, அந்த வால்வின் பாதையில் இருந்த இன்னொரு அடைப்பு வால்வை மூடச் செய்தார்.

[திரையில்: ஷிப்ட் மாறும் நேரம். இருவர் பலகை நெடுக நடக்கிறார்கள்.]

இன்று ஷிப்ட் மாறும்போது, போகிறவரும் வருகிறவரும் பலகையைச் சேர்ந்தே நடந்து பார்ப்பார்கள். வருகிறவர் ஓர் அளவியின் முன் நிற்பார்.

"இந்த வால்வு மூடியிருக்கிறதா?"

"மூடியிருக்கிறது."

"எப்படித் தெரியும்?"

போகிறவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பக்கத்தில் இருக்கும் வெப்பநிலை அளவியைக் காட்டுவார், குழாயில் ஓட்டம் இல்லை என்பதைக் காட்டுவார். அதற்குப் பிறகுதான் குறிப்பேட்டில் கையெழுத்து.